ஓடுகின்ற கோடில் ஏன் கை வைக்க வேண்டும்? சுனாமியில் பிறந்த 'சஹன' மென்பொருளின் கதை



பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் பிள்ளைகளைக் கணினித் துறைக்கு அனுப்ப நினைக்கும் உம்மா வாப்பாமாரும், பள்ளிவாசல் நிர்வாகங்களில் இருக்கும் சகோதரர்களும் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் ஒரு செய்நிரலை எழுதிக் கொண்டுவந்து காட்டுவார்கள். விடை சரியாக வரும். "நல்லம், இப்ப இதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுங்க" என்று சொன்னால் முகம் வாடிவிடும். "ஓடுதுதானே ஸேர், பிறகு ஏன் அதில கை வைக்கணும்?" என்பார்கள்.

நியாயமான கேள்விதான். மென்பொருள் துறையில் உழைப்பவர்களைக் கேட்டால், தங்கள் நேரத்தில் பெரிய பங்கு புதிதாக எழுதுவதில் போவதில்லை, ஏற்கெனவே எழுதியதை வாசிப்பதிலும் திருத்துவதிலும்தான் போகிறது என்று சொல்வார்கள். அந்த வேலையின் ஒரு பகுதிக்கு 'ரீஃபாக்டரிங்' என்று பெயர். வெளியில் கிடைக்கும் விடை மாறாமல் உள்ளே இருக்கும் கோடின் அமைப்பை மட்டும் திருத்துவது. இதை அமெரிக்காவிலிருந்து உதாரணம் எடுத்து விளக்கத் தேவையில்லை. எங்கள் கரையில் அடித்த அலையிலிருந்தே பிறந்த ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் வரலாற்றைச் சொன்னால் போதும்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் நிலத்தை அன்று காலை கடல் எடுத்தது. நாவலடி, கல்லடி, பூநொச்சிமுனை, கல்லாறு, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஊர்ப்பெயர்களை அடுக்கினாலே இன்றும் நெஞ்சு கனக்கும். நாடு முழுவதும் 30,000 இற்கும் அதிகமான உயிர்கள் போயின. அவற்றில் மிக அதிகமானவை பக்கத்து அம்பாறை மாவட்டத்தில்.

அந்த நாட்களில் எங்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பியாசக் கொப்பிகளில் பெயர் எழுதினோம். ஜனாஸாப் பட்டியல் ஒன்று. காணாமற்போனோர் பட்டியல் ஒன்று. முகாமில் இருப்போர் பட்டியல் ஒன்று. சாப்பாடும் உடுப்பும் பெற்றோர் பட்டியல் வேறொன்று. யார் கையில் பேனை இருந்ததோ அவர் எழுதினார். ஒரே ஆள் ஒரு கொப்பியில் முழுப்பெயரோடு இருப்பார், இன்னொன்றில் வாப்பாவின் முதலெழுத்தோடு இருப்பார், மூன்றாவதில் ஊரார் கூப்பிடும் பெயரோடு இருப்பார். ஆங்கிலத்தில் எழுதினால் 'முஹம்மத்' என்ற ஒரே பெயர் நாலைந்து விதமான எழுத்துக்கூட்டலில் வரும். தாய் ஒரு முகாமிலும் பிள்ளை இன்னொரு முகாமிலும் உயிரோடு இருக்கலாம். இரண்டு கொப்பிகளும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால் இருவரும் ஒருவரையொருவர் மௌத்தானவராகவே நினைத்திருப்பார்கள்.

இதே சிக்கல் தேசிய மட்டத்திலும் இருந்தது. உள்ளூர் அமைப்புகளும் வெளிநாட்டு அமைப்புகளும் வந்து குவிந்தன. யார் எங்கே என்ன செய்கிறார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன தேவை என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. கொழும்பில் அரசாங்கம் அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையத்துக்கு உதவுவதற்காக, கம்பனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த மென்பொருள் பொறியியலாளர்கள் தொண்டர்களாகக் கூடினார்கள். கலாநிதி சஞ்சீவ வீரவரண முன்னின்று உருவாக்கியிருந்த லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் அவர்களை ஒருங்கிணைத்தது. அங்கே பிறந்ததுதான் 'சஹன'. சிங்களத்தில் இதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு, தேவைகளின் பதிவு என்று பகுதி பகுதியாக எழுதினார்கள். பிஎச்பி மொழி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். எல்லாம் யாரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மூலக் கருவிகள்.

மாதக்கணக்கில் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. அலை அடித்துச் சில நாட்களுக்குள்ளேயே எழுதத் தொடங்கி, சில வாரங்களுக்குள் பாவனைக்குக் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் எழுதும் கோட் எப்படி இருக்கும்? எங்கள் முகாம்களில் போட்ட கொட்டிலைப் போல இருக்கும். தரப்பாள் ஒன்று, நாலு தடி, மேலே தகரம். மழை நனைக்காமல் அன்றிரவு பிள்ளைகள் தூங்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அத்திவாரம் எங்கே என்று அப்போது கேட்டவர் முட்டாள். ஆனால் பத்து வருடம் கழித்தும் அதே கொட்டிலில் ஒரு குடும்பம் இருந்தால் அது எங்கள் எல்லோருக்கும் வெட்கம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். இது விளக்கத்துக்காக நாங்களே அமைத்த உதாரணம். பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகளை நீக்கிவிட்டுத் தேட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. காணாமற்போனோர் பக்கத்தை எழுதியவர் அந்த விதியைத் தன் பக்கத்தில் எழுதினார். முகாம் பக்கத்தை எழுதியவர் அதைப் பிரதிசெய்து தன் பக்கத்தில் ஒட்டினார். வைத்தியசாலைப் பக்கத்தை எழுதியவரும் அப்படியே செய்தார். மூன்றும் நன்றாக ஓடுகின்றன. பிறகு ஒருநாள் 'எம்.ஐ.எம்.' என்று மூன்று எழுத்து வருகின்ற பெயர்களை அது பிழையாகக் கையாள்கிறது என்று தெரிய வருகிறது. ஒருவர் முதல் இரண்டு இடங்களிலும் திருத்திவிட்டார். மூன்றாவது இடம் இருப்பது அவருக்குத் தெரியாது. இப்போது வைத்தியசாலையில் படுத்திருக்கும் ஒருவரை அவருடைய உம்மா தேடுகிறார். 'இல்லை' என்று திரை சொல்கிறது.

'ஓடுதுதானே' என்பதற்கான பதில் இதுதான். ஓடும். ஆனால் அடுத்த முறை ஒன்றை மாற்றும்போது எங்கே உடையும் என்று தெரியாது.

ரீஃபாக்டரிங் செய்பவர் இங்கே என்ன செய்வார்? அந்த விதியை ஒரேயோர் இடத்தில் ஒரு தனிச் செயற்கூறாக எழுதி, அதற்கு விளங்கக்கூடிய பெயர் வைத்து, மூன்று பக்கங்களும் அதையே கூப்பிடும்படி மாற்றுவார். பாவிப்பவருக்கு வெளியில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் இனி ஒரு பிழையை ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும்.

இந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1992 இல் வில்லியம் ஒப்டைக் என்பவர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். 1999 இல் மார்ட்டின் ஃபவுலர் இதே பெயரில் ஒரு நூல் எழுதினார். அதற்குப் பிறகுதான் வேலைத்தளங்களில் இது அன்றாடச் சொல்லானது. அதே 1992 இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் இதைக் கடனுக்கு ஒப்பிட்டார். அவசரத்தில் அரைகுறையாக எழுதுவது கடன் வாங்குவது போல. வேலை வேகமாக நடக்கும், அதில் தப்பில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்காமல் விட்டால், பின்னர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டியின் கேடு பற்றி எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, நடைமுறையில் இதை எப்படிச் செய்கிறார்கள்? அனுபவமுள்ளவர்களின் பழக்கங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதலில் சோதனை எழுதுவார்கள். இந்தப் பெயரைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும் என்று பத்து இருபது சோதனைகளை, கணினியே ஓட்டிப் பார்க்கும் விதமாக எழுதி வைப்பார்கள். சோதனை இல்லாமல் பழைய கோடில் கை வைப்பது இருட்டில் வாவியில் தோணி விடுவது போல. மைக்கல் ஃபெதர்ஸ் என்பவர் பழைய கோடைக் கையாள்வது பற்றி 2004 இல் எழுதிய நூலில், சோதனை இல்லாத கோட் எதுவோ அதுவே 'பழைய சுமை' என்று வரையறுத்தார். நேற்று எழுதியதாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, சின்னச் சின்ன அடியாக வைப்பார்கள். ஒரு மாறியின் பெயரைத் திருத்துவார்கள், சோதனையை ஓட்டுவார்கள், சேமிப்பார்கள். ஒரு நீண்ட செயற்கூறை இரண்டாகப் பிரிப்பார்கள், சோதனையை ஓட்டுவார்கள், சேமிப்பார்கள். ஒவ்வோர் அடியும் கிட் போன்ற ஒரு பதிவு முறையில் இருக்கும். பிழைத்தால் ஓரடி பின்னால் போகலாம்.

மூன்றாவது, புது வசதி சேர்ப்பதையும் பழையதை ஒழுங்குபடுத்துவதையும் ஒரே நேரத்தில் செய்யமாட்டார்கள். இரண்டையும் கலந்தால் பிழை எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நான்காவது, எல்லாவற்றையும் திருத்த மாட்டார்கள். யாரும் தொடாத, இனி மாறப்போகாத கோட் அசிங்கமாக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். நாளைக்கு எந்த இடத்தில் புது வேலை செய்யப் போகிறோமோ அந்த இடத்தை இன்று துப்புரவாக்குவார்கள். ஒரே விஷயத்தை மூன்றாவது தடவை எழுத நேரும்போது நிறுத்தி, பொதுவாக ஓரிடத்தில் வைப்பார்கள்.

சில நேரம் கொட்டிலில் எந்தத் தடியைப் பிடித்தாலும் ஆடும். அப்போது பழையதைத் திருத்துவதா, முழுதாகக் கழற்றிவிட்டுக் கல்வீடு கட்டுவதா என்ற கேள்வி வரும். முழுதாகத் திரும்ப எழுதுவது ரீஃபாக்டரிங் அல்ல. அது வேறு வேலை, மிகவும் ஆபத்தான வேலை. நெட்ஸ்கேப் கம்பனியின் கதை இதற்குப் பேர்போனது. ஒரு காலத்தில் இணையம் என்றாலே நெட்ஸ்கேப்தான். அவர்கள் 1998 இல் பழைய கோடை ஒதுக்கிவிட்டு உலாவியின் பெரும்பகுதியைப் புதிதாக எழுத முடிவெடுத்தார்கள். 5 ஆம் பதிப்பு வெளிவரவே இல்லை. 2000 ஆம் ஆண்டின் கடைசியில் 6 ஆம் பதிப்பு வந்தபோது ஆட்கள் மைக்ரோசொஃப்டின் உலாவிக்குப் போய்விட்டிருந்தார்கள். பழைய கோடின் ஒவ்வொரு கோணலுக்குள்ளும் யாரோ ஒருவர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்துத் திருத்திய ஒரு பிழையின் அனுபவம் இருக்கும் என்றும், முழுதாக வீசினால் அந்த அனுபவமும் போய்விடும் என்றும் ஜோயல் ஸ்பொல்ஸ்கி அப்போது எச்சரித்து எழுதினார்.

இப்போது சஹனவுக்கு வருவோம். முதல் அவசரம் தணிந்த பிறகு அதை உருவாக்கியவர்கள் முன்னால் அதே கேள்வி நின்றது. கையில் இருந்தது இலங்கையின் சுனாமிக்காக அவசரத்தில் எழுதிய கோட். வேறொரு நாட்டுக்கு, வேறொரு அனர்த்தத்துக்கு அதை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. 'எங்கள் வேலை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்' என்று போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் போகவில்லை. சுவீடன் அரசின் அபிவிருத்தி உதவி நிறுவனமான சிடாவின் நிதியுதவியோடு இரண்டாம் கட்டம் தொடங்கியது. சமிந்திர டி சில்வா திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். நடுவில் ஒரு பொதுச் சட்டகம், அதைச் சுற்றித் தேவைக்கேற்பச் சேர்க்கவும் கழற்றவும் கூடிய பகுதிகள் என்று அடியிலிருந்தே திரும்ப எழுதினார்கள். மொழியை மாற்றலாம், நாட்டை மாற்றலாம், தேவையில்லாத பகுதியை அணைத்து வைக்கலாம்.

நெட்ஸ்கேப் விழுந்த குழியில் சஹன ஏன் விழவில்லை? எங்களுக்கு விளங்குவது இதுதான். அவர்கள் கோடை மாற்றினார்கள், பாடத்தை வீசவில்லை. காணாமற்போனோர், முகாம், அமைப்புகள், தேவைகள் என்ற அந்தப் பிரிவுகள் அனர்த்தத்தின் நடுவில் நின்று கற்றவை. அவை அப்படியே இருந்தன. அதோடு அவசரத்தின் நடுவில் அத்திவாரம் தோண்டவில்லை, அவசரம் தணிந்த பிறகே தோண்டினார்கள்.

அடுத்த அனர்த்தங்கள் அதிக காலம் காத்திருக்கவில்லை. 2005 ஒக்டோபர் 8 ஆம் திகதி பாகிஸ்தானில் பூகம்பம். அங்கே அந்நாட்டின் தேசியப் பதிவு அதிகாரசபையான நாத்ராவோடு சேர்ந்து சஹன பாவிக்கப்பட்டது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தென் லெய்தேயில் மண்சரிவு, மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பூகம்பம். அங்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகத்துக்குப் பயன்பட்ட திட்டத்துக்கான தனது 2006 ஆம் ஆண்டு விருதைச் சஹனவுக்குக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதைப் பெற்றது விக்கிப்பீடியா.

கதை அங்கேயும் முடியவில்லை. நல்லபடி கட்டிய வீடும் பழசாகும். சில வருடங்களில் பைத்தன் மொழியில் இன்னொரு வடிவத்தை எழுதத் தொடங்கினார்கள். அதற்கு 'சஹன ஈடன்' என்று பெயர். 2009 இல் சஹன மென்பொருள் அறக்கட்டளை என்று சர்வதேச அளவில் ஓர் அமைப்பு உருவானது. 2010 ஜனவரி 12 இல் ஹெயிட்டியை பூகம்பம் உலுக்கியபோது சஹன ஈடன் அங்கே வேலை செய்தது. அப்போதும் பழைய பிஎச்பி வடிவத்தை ஒரே நாளில் குப்பையில் போடவில்லை. அதன் வழியில் வந்த 'வெசூவியஸ்' என்ற கிளையை, காணாமற்போனோரைத் தேடும் வேலைக்காக அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வளர்த்தது. புதியது காலூன்றும் வரை பழையது நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மாற்றுகிறவர்கள் மறக்கக்கூடாத ஒழுங்கு இது.

இவ்வளவையும் ஏன் சொன்னோம்?

சஹன பிறக்கக் காரணமான கொப்பிகளில் எங்கள் ஊர்களின் பெயர்களும் இருந்தன. அந்த மென்பொருள் எழுதப்பட்டது, திருத்தப்பட்டது, திரும்ப எழுதப்பட்டது, உலகத்தைச் சுற்றியது. எங்கள் கொப்பிகளுக்கு என்ன நடந்தது? ஒவ்வொரு மாரியிலும் வாவி பெருகுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஒவ்வொரு முறையும் நாங்கள் புதுக் கொப்பி எடுத்து முதலாம் இலக்கத்திலிருந்து பெயர் எழுதத் தொடங்குகிறோம். ஸகாத் பட்டியல் ஒருவரின் கைத்தொலைபேசியில், விதவைகள் பட்டியல் இன்னொருவரின் மடிக்கணினியில், உலர் உணவுப் பட்டியல் வட்ஸ்அப் குழுமத்தில். எக்செல் கோப்புக்கு 'இறுதி', 'புதிய இறுதி', 'இறுதி 2' என்று பெயர். ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போகிறது, பக்கத்து வீட்டுக்கு ஒரு தடவையும் போவதில்லை. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. மூன்று இடத்தில் எழுதிய விதியை இரண்டு இடத்தில் மட்டும் திருத்தினோமே, அதே பிழைதான்.

அவசரத்தில் கொப்பியில் எழுதியவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அன்று அவர்கள் செய்ததை எங்களில் எத்தனை பேர் செய்திருப்போம்? ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் அதை அப்படியே விட்டவர்கள் நாங்கள்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த மாரிக்கு முன், ஒவ்வொரு மஹல்லாவிலும் கணினி தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகளைப் பள்ளிவாசல் நிர்வாகத்தோடு உட்கார வையுங்கள். புது மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. இருக்கிற பட்டியலில் தொடங்குங்கள். முதலில் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு விதி வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் இலக்கம் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் ஒழுங்கை என்று போய்ச் சரிபாருங்கள். வறுமையில் இருப்பவர்களின் விபரம் அமானிதம், அதை யார் பார்க்கலாம் என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். எல்லாம் சரியென்று உறுதியாகும் வரை பழைய கொப்பியைத் தூக்கி எறிய வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சஹனவின் கோட் திறந்த மூலம். இணையத்தில் இருக்கிறது. எடுத்து வாசியுங்கள். எழுதியவர்களும் உங்களைப் போல ஒருநாள் இந்நாட்டின் வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். 'ஓடுதுதானே ஸேர்' என்று அவர்களும் நிறுத்தியிருந்தால், பாகிஸ்தானில் ஒரு வாப்பா தன் மகனைத் தேடும்போது அவருக்குக் கொடுக்க எங்கள் நாட்டிடம் ஒன்றும் இருந்திருக்காது.

எங்கள் ஷுஹதாக்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. உங்கள் மஹல்லாவில் இந்த வேலையைத் தொடங்கினால் கருத்தில் அறியத்தாருங்கள். எங்களால் முடிந்த உதவியை இன்ஷா அல்லாஹ் செய்கிறோம்.